பிடின் மாமாவின் கடைசிப் பேச்சு

பட்டாளத்து லோரி ரப்பர்ப் பால் ஸ்டோருக்கு எதிரே வந்து நின்றது. பின்பக்கத் தட்டை இறக்கிவிட்டு, சீருடை போட்ட இரண்டு பேர் ஒரு மனிதரைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார்கள். அவருடைய வலது காற்சட்டை முழங்காலுக்குக் கீழே மடித்து ஊசி குத்தப்பட்டிருந்தது.

எனக்கு அப்போது ஆறு வயதோ ஏழோ. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் எடுக்க மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். பாலில் ஊற்றும் மருந்தின் காட்டம் எப்போதும்போல் கண்ணைக் கரித்தது. வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ ஆள் என் அத்தை ராஜம்மா, அப்பாவின் ஒரே தங்கை. இறங்கிய மனிதர் பிடின். அத்தைக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை.

எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை வரிசையைவிட்டு அசையவில்லை.

அவள் முறை வந்தது. கணக்கெழுதும் கிராணி பாலை நிறுத்து எழுதிக்கொண்டார். அத்தை வாளிகளைக் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். குழாயில் முகம் கழுவினாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, உதறி, மறுபடியும் கட்டினாள்.

"கல்லு மாதிரி நிக்கிறா பாரு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

லோரிப் பக்கத்தில், ஊன்றுகோலில் சாய்ந்தபடி, அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பிடின் மாமாவை இந்தத் தொடரில் இதுவரை ஓரிரு வரிகளில் கடந்து வந்துவிட்டேன். மறந்துபோய் அல்ல. அவர் காலமாகி இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். இந்த வாரம் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் பஹாவ் பக்கம். கடைசி பிளாக்கைத் தாண்டினால் ஓர் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாமாவின் ஊர். அவர்கள் செமலாய் மக்கள். மலாய்க்காரர்களுக்கும் முன்பிருந்தே இந்த மண்ணில் இருக்கும் பூர்வக்குடிகள். அவர்கள் பேச்சு மலாயைப் போல இருக்காது. பக்கத்தில் நின்று கேட்டாலும் ஒரு சொல் பிடிபடாது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிலர் அவர்களை ஒரு கெட்ட சொல்லால் அழைப்பார்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை. டவுனுக்குப் போனால் எங்களையும் ஒரு கெட்ட சொல்லால்தான் அழைத்தார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்களுக்கு ஏனோ தோன்றவில்லை.

மாமா இளவயதில் புல் வெட்டும் கொந்தராத்துக் கூலி வேலைக்குத் தோட்டத்துக்கு வந்தவர். கூட வேலை செய்த பெண்களிடம் தமிழ் பழகினார். அதனால் ஆரம்பத்தில் அவருடைய தமிழில் வசவுகள்தான் அதிகம். அதுவும் பெண்கள் மட்டும் வைகிற வசவுகள். ஒருநாள் காலில் முள் குத்தியபோது அவர், "அடி கட்டையில போறவளே!" என்று கத்த, மொத்தக் கும்பலும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்ததாம். அத்தை அவரை முதன்முதலாகக் கவனித்தது அன்றைக்குத்தான்.

எப்படிப் பேசிக்கொண்டார்கள், எத்தனை நாள் பழகினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலவை செய்த சட்டையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தாத்தா இறந்து போயிருந்ததால் அப்பாதான் அத்தைக்குப் பொறுப்பு. அப்பா கோபக்காரர் அல்ல. சத்தம் போடவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"நெரந்தரமா ஒரு வேலையோட வா. அப்பறம் பேசலாம்."

இனி வரமாட்டான் என்று நினைத்துச் சொன்னதுதான் அது. சில மாதம் கழித்து மாமா மறுபடியும் வந்தார். கையில் பட்டாளத்தில் சேர்ந்த கடிதம். அப்பாவுக்கு வேறு வழியில்லை. வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

அது வடக்கே, எல்லைக் காட்டில், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த காலம். மாமாவுக்குக் கொடுத்த வேலை தடம் பார்ப்பது. மடிந்த இலை, அழுந்திய பாசி, கலங்கிய ஓடை: இவற்றைப் பார்த்து ஆள் போன வழியைச் சொல்ல வேண்டும். எப்போதும் முதல் ஆளாக நடக்க வேண்டும். இரண்டாவது வருடம் கண்ணிவெடியில் கால் போனது.

அதைப்பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறார். கூட இருந்தவர்கள் கழியில் துணி கட்டி அவரை இரண்டு நாள் மாற்றி மாற்றித் தூக்கி வந்தார்கள். அந்த இரண்டு நாளும் அவர்தான் படுத்தபடியே வழி சொல்லியிருக்கிறார். வேறு யாருக்கும் தடம் தெரியாது.

"மயக்கம் வரலையா மாமா?" என்று கேட்டிருக்கிறேன்.

"மயக்கம் வந்தா எல்லாரும்லா தொலைஞ்சி போயிருப்போம்," என்றார்.

லோரிக்குப் பக்கத்தில்

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அத்தை நடந்து வந்தாள். லோரிக்குப் பக்கத்தில் ஒரு வட்டமாகக் கூட்டம் கூடிவிட்டது. அப்பா பின்னால் நின்றார். கல்யாணம் நடக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மாமாவே அப்படித்தான் நினைத்திருந்தார். வாங்கிய வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் நேராக இங்கே இறங்கினாராம்.

அத்தை அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"சாப்டீங்களா?"

"ம்."

"கல்யாணத்த எப்ப வெச்சிக்கலாம்?"

மாமா நிமிர்ந்தார். "ராஜம்மா, நல்லா பாத்தியா?"

"வரிசையில நிக்கும்போதே பாத்துட்டேன். காலு அங்கிருந்தே தெரிஞ்சிச்சி. மூஞ்சிதான் சரியா தெரியல. அதப் பாக்கத்தான் பக்கத்துல வந்தேன்."

அவர் அழுதார். அத்தை அழவில்லை. ஊன்றுகோலை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, தன் தோளை அவருக்குக் கொடுத்து, எங்கள் வீட்டுப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள். தோட்டமே பார்த்துக்கொண்டு நின்றது.

கோயில் கமிட்டியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அத்தை காத்திருக்கவில்லை. சிரம்பானில் பதிவு செய்துகொண்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சாப்பாடு, லயத்தில் ஒரு சாப்பாடு. இரண்டுக்கும் போன ஒரே வீடு எங்கள் வீடு.

அப்பா அதன்பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துப் பேசப் பல வருடம் ஆனது. மாமா வீட்டுக்குப் போவார், கொண்டு போனதைக் கொடுப்பார், உட்காரமாட்டார். ஒரு தீபாவளிக்கு, கொஞ்சம் குடித்திருந்தார், வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"என் வாயாலதான் உன் காலு போச்சி."

மாமா அப்போது மரக்காலைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"மச்சான், நீங்க வேல கேட்டீங்க, நா வேல பாத்தேன். குண்டு வெச்சவன் வேற ஆளு. உக்காருங்க, ஆட்டெறைச்சி ஆறுது."

அப்பா உட்கார்ந்தார். பிற்காலத்தில் அப்பா போனபோது, தோட்டத்துச் சுடுகாடு வரைக்கும் முக்கால் மைல், மேடும் பள்ளமுமான செம்மண் பாதை, மாமா அந்த மரக்காலோடு பாடைக்குத் தோள் கொடுத்து நடந்தார். மாற்றிக்கொள்ள ஆள் வந்தபோதெல்லாம் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

யார் வீட்டு மரம்

கித்தா என்ற ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். லயம் காலியானது. அத்தையும் மாமாவும் சிரம்பானுக்கு வந்து தெமியாங்கில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார்கள். மாமா ஒரு பள்ளிக்கூடத்தில் வாசல் காக்கும் ஜாகாவாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. என்னையும் தம்பி குமாரையும்தான் பிள்ளைகளாக வைத்துக்கொண்டார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை தொலைக்காட்சியில் படை வீரர்களின் அணிவகுப்பு காட்டுவார்கள். அன்றைக்கு மாமா முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தான்களையெல்லாம் பூட்டிக்கொண்டு எதிரே உட்காருவார். முடியும் வரை பேசமாட்டார். முடிந்ததும் எழுந்துபோய்ச் சட்டையை மாற்றிவிட்டு வந்து, "சாயா இருக்கா?" என்பார்.

பழக்காலம் வந்தால் இரண்டு பேரும் பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போவார்கள். ஒரு வாரம் தங்குவார்கள். திரும்பும்போது ஒரு சாக்கு பெத்தாய்க் காயும் ஒரு சாக்கு டுரியான் பழமும் வரும். எங்கள் வீட்டுக்கும் பங்கு வரும். பெத்தாய் சம்பல் மணக்க மணக்கச் சாப்பிட்டோம். யார் வீட்டு மரம், யார் ஏறிப் பறித்தது, அங்கே இன்னும் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. இதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அத்தைக்கு முட்டி வலி வந்த பிறகு அந்தப் பயணம் நின்றது. மாமா தனியாகப் போகமாட்டேன் என்றார். மழை வரும் முன்பு ஒரு மண்வாடை கிளம்புமே, அப்போது மட்டும் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். சாக்கடைச் சந்துதான் தெரியும். அங்கே என்ன பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு அத்தை போய்விட்டாள். அஸ்தியைப் போர்ட் டிக்சன் கடலில் கரைத்தோம். மாமாவை லோபாக்கில் என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அத்தைக்குச் சமையலறையில் எதையாவது கீழே போடாமல் வேலை செய்யத் தெரியாது. ஒருநாள் என் கையிலிருந்து ஒரு மூடி தவறி விழுந்தது. ஹாலிலிருந்து மாமாவின் குரல்: "மெல்லலா, ராஜம்மா."

நான் நெடுநேரம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

போனில் ஒரு குரல்

போன வருடம் அவருக்கு மூளையில் ரத்தக் கட்டு. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது முதலில் மலாய் போயிருந்தது. தாதிகள் கேட்டால் விழிப்பார். தமிழ் இன்னும் நாலு நாள் இருந்தது. அப்புறம் அதுவும் போனது.

"மாமா, தண்ணி வேணுமா?"

பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல, மரியாதையாக, என்னைப் பார்த்தார்.

ஆனால் பேச்சு நிற்கவில்லை. நாள் முழுக்கப் பேசினார். செமலாயில். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கையைத் தூக்கி யாரையோ கூப்பிட்டார். பதில் வராததால் தவித்தார். வலிக்கிறது என்கிறாரா, பசிக்கிறது என்கிறாரா? ஐம்பது வருடம் ஒரே இலையில் சாப்பிட்ட குடும்பம், எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் தெரியவில்லை.

டாக்டர், "வயசானவங்களுக்கு இப்படி ஆகும். தாய்மொழிதான் கடைசி வரைக்கும் நிக்கும்," என்றார்.

நான் என் போனை அவர் வாயருகே பிடித்து ஐந்து நிமிடம் பதிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலை நீலாயிலிருந்து குமார் காரோடு வந்தான். கோலப்பிலா வழியாகப் பஹாவ் போனோம். எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் செம்பனை வரிசை வரிசையாக நின்றது. ஆற்றின் மேல் இப்போது சிமெண்ட் பாலம். மாமாவின் ஊரில் தகரக் கூரை போட்ட கல் வீடுகள்.

மாமாவின் பெயரைச் சொன்னதும் ஒரு வீட்டைக் காட்டினார்கள். எழுபது தாண்டிய ஓர் அம்மா கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். தீமா. மாமாவின் தங்கை. அவரிடம் மலாயில்தான் பேசினேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு, போனில் பதிவு செய்ததைப் போட்டேன்.

தீமாம்மா கையிலிருந்த ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனை இரண்டு கையாலும் வாங்கினார். மாமாவின் குரல் வந்தது. ஒரு வாக்கியம் முடிந்து இடைவெளி வந்ததும், அவர் போனைப் பார்த்துப் பதில் சொன்னார். சத்தமாக. அடுத்த வாக்கியம். மறுபடியும் பதில். பதிவு முடியும்வரை அப்படியே நடந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"அக்கரையில நிக்கிறேன், படகக் கொண்டு வான்னு சொல்றாரு. சின்ன வயசுல உங்க தோட்டத்துல வேல முடிஞ்சி வந்து, கரையில நின்னு இப்படித்தான் கத்துவாரு. நான்தான் படகு தள்ளிக்கிட்டுப் போவேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரேன்னு சொன்னேன்." தோளிலிருந்த துணியை எடுத்துக் கொடியில் போட்டார். "எங்க உங்க காரு?"

மூன்று நாள்

காரில் வரும்போது தீமாம்மா அத்தையைப் பற்றிக் கேட்டார். போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச தூரம் செம்பனையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "ராஜம்மா எங்க பேச்சு பேசுவா," என்றார்.

"அத்தையா?"

"வந்தாலே எங்க பேச்சுதான். தப்புத் தப்பாப் பேசுவா. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். அவளும் சிரிப்பா. ஆனா நிறுத்தமாட்டா."

குமார் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். தெமியாங் வீட்டில் நாங்கள் இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் எதில் பேசிக்கொண்டார்கள்? எங்கள் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டார்களா? இனி யாரிடம் கேட்பது.

வார்டில் தீமாம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவர் காதருகே ஏதோ சொன்னார். மாமாவின் கை அசைந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்பு அவரிடம் பார்த்ததில்லை. ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டவரின் முகம். இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். நடுநடுவே சிரித்தார்கள். நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல், சிரிக்கும்போது நானும் கொஞ்சம் சிரித்துக்கொண்டு. எங்கள் கல்யாணங்களில், கருமாதிகளில், மாமா இப்படித்தான் ஒரு ஓரத்தில் நின்றிருப்பாரா, தமிழ் சரியாகப் பழகும்வரை?

மூன்றாம் நாள் பிற்பகல், தீமாம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமாவின் மூச்சு நின்றது. தீமாம்மா உடனே பேச்சை நிறுத்தவில்லை. சொல்லிக்கொண்டிருந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

வெளியே வந்ததும் குமார், "அத்தைய கரைச்ச எடத்துலதான் மாமாவையும் கரைக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கட்டும்," என்றான்.

எனக்கும் அதுதான் ஆசை. லோபாக்கிலிருந்து போர்ட் டிக்சன் பக்கம். நினைத்தால் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். தீமாம்மா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, மாமாவின் கைக்கடிகாரத்தைத் தன் மணிக்கட்டில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் போய்க் கேட்டேன். "இந்த மூணு நாளும் மாமா என்ன கேட்டாரு? எதாச்சும் வேணும்னு சொன்னாரா?"

அவர் யோசித்தார். சொல்லலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது.

"ஊருக்குப் போலாமான்னு கேட்டாரு. ஒரே ஒரு தடவ. நீங்க அப்ப கால் பக்கம் நின்னு போர்வைய இழுத்து விட்டுக்கிட்டு இருந்தீங்க. உங்களப் பாத்தாரு. அப்பறம் கேக்கல."

தமிழ் போன பிறகும், என் பெயர் போன பிறகும், எனக்கு வருத்தமாக இருக்கும் என்பது மட்டும் அவருக்குப் போகவில்லை.

குமாரிடம் சொன்னேன். "சரிக்கா. நாம அவர ரொம்ப நாள் வெச்சிக்கிட்டோம்," என்றான்.

ஊரில்

அவர் ஊரில், காட்டோரம், அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். முன்னாள் வீரர்கள் நாலு பேர் பழைய தொப்பியோடு வந்திருந்தார்கள். ஒருவருக்கும் மாமாவை நேரில் தெரியாது. கேள்விப்பட்டு வந்தவர்கள். கொடியைப் போர்த்தி, சல்யூட் அடித்து, மடித்தார்கள். வாரிசு யார் என்று கேட்டார்கள். தீமாம்மா என்னைக் கைகாட்டினார். நான் அவரைக் கைகாட்டினேன். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொண்டோம். அந்த நால்வரில் மூத்தவர் அழுதார்.

அவர்கள் வழக்கப்படி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மாமாவின் அக்கா தங்கை முறையில் பல பேர் வந்து குழியருகே நின்று ஏதோ பேசிவிட்டுப் போனார்கள். அழுகை அல்ல, பேச்சு. சும்மா, சந்தித்த இடத்தில் பேசுவதுபோல. மண் தள்ளியாயிற்று. வெயில் சாயத் தொடங்கியது. நாங்கள் கிளம்பத் தயாரானோம்.

தீமாம்மா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க பேச்சு இனிமே அவருக்கு நெறையக் கெடைக்கும். உங்க பேச்சு கெடைக்காது. இத்தன வருசம் கேட்ட காது, தேடும். எதாச்சும் ஒண்ணு சொல்லிட்டுப் போங்க."

எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். புது மண்ணின் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வது? தேவாரம் ஏதாவது பாடலாமா என்று நினைத்தேன். ஒரு வரியும் வாயில் வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். அவர் காதுக்கு அதுவா வேண்டும்?

நம்மில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டிலிருந்தும் சுடுகாட்டிலிருந்தும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகியிருக்கிறேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அத்தைக்கும் அப்படித்தான் வாய் மூடி வந்தேன். பின்னால் நின்ற குமார், நான் சொல்லப்போவது தெரிந்ததுபோல, "அக்கா," என்று மெல்லக் கூப்பிட்டான்.

"மாமா," என்றேன். "போயிட்டு வரேன்."